கொர்கொவாதோ காட்டின் வாசலில்: புவெர்த்தோ ஹிமேனெஸ் போய்வர ஒரு வழிகாட்டி

கோஸ்டா ரிக்காவின் தென்மேற்கு மூலையில், ஓசா தீபகற்பத்தின் உட்கரையில் இருக்கிறது புவெர்த்தோ ஹிமேனெஸ். ஒரு காலத்தில் தங்கம் தேடி வந்தவர்களால் நிரம்பி வழிந்த ஊர். இன்று கொர்கொவாதோ தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் மூட்டையை இறக்கிவைக்கும் ஊர். சில தெருக்கள், ஒரு பெட்ரோல் பங்க், வங்கி, சின்னஞ்சிறு விமான ஓடுதளம், அதை ஒட்டியே கல்லறைத் தோட்டம். ஊருக்குள் போய்விட்டால் ஒரு சிரமமும் இல்லை. சிரமமெல்லாம் அதற்கு முன்னால்தான், வீட்டில் உட்கார்ந்து ஏற்பாடு செய்யும்போது.

தமிழில் இதைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைப்பதில் பாதி காலாவதியானது. கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர். தனியாக நடந்து போகலாம் என்று எழுதியவர் 2014க்கு முன் போனவர் என்பது கடைசியில்தான் தெரிகிறது. இந்தக் குழப்பத்தில் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

1. பூங்காவின் தேதி முதலில், விமான டிக்கெட் பிறகு

எல்லோரும் மலிவாகக் கிடைக்கிறதே என்று விமான டிக்கெட்டை முதலில் எடுப்பார்கள். இங்கே அது தலைகீழ். கொர்கொவாதோவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாசலில் டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. பூங்காவின் நடுவில், கடற்கரையோரம் உள்ள சிரேனா வனக்காவலர் நிலையத்தில் இரவு தங்குவதற்கான இடங்கள் டிசம்பர் கடைசியிலும் ஈஸ்டர் வாரத்திலும் சீக்கிரமே தீர்ந்துவிடுகின்றன. ஆகவே எந்த வாரம் போகலாம் என்று உத்தேசமாக முடிவு செய்துகொண்டு, வழிகாட்டி ஒருவரிடம் பேசி, அனுமதி உறுதியான பிறகு மற்றதைத் தொடுங்கள்.

எந்த மாதம்? டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட பருவம். மே மாதம் மழை தொடங்குகிறது. செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். அக்டோபரில் சிரேனா பகுதியையே மூடிவிடுவதுண்டு, எனவே அந்த மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜூன், ஜூலையில் போவதில் தவறில்லை: காலையில் வெயில், பிற்பகலில் மழை, கூட்டமும் குறைவு. ஆனால் அப்போது காட்டாறுகளைக் காரில் கடக்கும் திட்டம் வேண்டாம்.

2. விசா, கடவுச்சீட்டு, நம் பெயர்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு விசா தேவை. புது டெல்லியில் கோஸ்டா ரிக்கா தூதரகம் இருக்கிறது. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்கப் பல்நுழைவு விசா கடவுச்சீட்டில் ஒட்டியிருந்தால் தனி விசா தேவைப்படுவதில்லை. அதை வைத்து 30 நாள் வரை தங்கலாம். கனடா உட்பட வேறு சில நாடுகளின் விசாவுக்கும் இப்படிச் சலுகை உண்டு. எந்த விசா, எத்தனை நாள் செல்லுபடி என்ற நுணுக்கங்கள் அவ்வப்போது மாறுகின்றன. ஆகவே கோஸ்டா ரிக்கா குடிவரவு இயக்ககத்தின் பட்டியலில் உங்கள் நாடு எந்தப் பிரிவில் வருகிறது என்பதைப் பயணத்துக்கு முன் மறுபடியும் பாருங்கள்.

அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருப்பவர் அந்த நாட்டுக்கு ஒரு பயணியை அனுப்பியே இருக்கமாட்டார். கணினியைப் பார்ப்பார், மேலதிகாரியைக் கூப்பிடுவார், உங்களை ஓரமாக நிற்கச் சொல்வார். அச்சடித்த தாள் அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். நாட்டை விட்டு வெளியேறும் டிக்கெட்டையும் கேட்பார்கள். ஒருவழி டிக்கெட்டோடு போகாதீர்கள். அமெரிக்கா வழியாகப் பறந்தால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழியென்றால், சில நாடுகள் விமான நிலையத்தை விட்டு வெளியே வராத இந்தியரிடமும் இடைவழி விசா கேட்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். பிரேசில், கொலம்பியா போன்ற நாடுகளில் தங்கிவிட்டு வருகிறீர்கள் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும்.

இனி நம் தலைவலிக்கு வருகிறேன். பூங்கா அனுமதி கடவுச்சீட்டு எண்ணோடும் பெயரோடும் வழங்கப்படுகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். நமக்கோ பல பேருக்கு ஒன்றுகூடக் கிடையாது. அப்பா பெயர் முதலெழுத்தாக நிற்கும், அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் பெயருக்கு முன் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியாது என்று பொருள்) என்று மூன்றெழுத்து வேறு அச்சாகியிருக்கும். உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதை எழுதாதீர்கள். கடவுச்சீட்டில் எந்த வரியில் எது இருக்கிறதோ அதையே எழுத்து பிசகாமல் கொடுங்கள். தகவல் பக்கத்தின் தெளிவான படத்தையும் வழிகாட்டிக்கு அனுப்புங்கள். அனுமதி வந்ததும் முதலில் எண்ணைச் சரிபாருங்கள். நிலையத்தில் அசல் கடவுச்சீட்டோடு ஒப்பிடுவார்கள், நகல் போதாது. கடவுச்சீட்டு நனையாமல் இருக்க இறுக்கி மூடும் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

3. வழிகாட்டியை அமர்த்துவது

2014 முதல் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பூங்காவுக்குள் யாரையும் விடுவதில்லை. இதைச் செலவாக நினைத்துப் புலம்புகிறவர்கள் உண்டு. உள்ளே போய்வந்தபின் அந்தப் புலம்பல் நின்றுவிடும். நாம் இலைக்குவியல் என்று தாண்டிப் போகும் இடத்தில் விரியன் சுருண்டு கிடப்பதை அவர் காட்டுவார். அவர்களில் சிலர் முன்பு இதே ஆறுகளில் தங்கம் அரித்தவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ஆற்றின் போக்கைப் படித்து அறிந்தவர்களில்லை, அதில் நின்று அறிந்தவர்கள்.

அமர்த்தும்போது கேட்க வேண்டியவை:

- கோஸ்டா ரிக்கா சுற்றுலா நிறுவனம் வழங்கிய உரிம அட்டை இருக்கிறதா? படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.
- சொல்லும் விலையில் பூங்காக் கட்டணம், படுக்கை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்தியா? எதெல்லாம் தனி?
- ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?
- அனுமதிச்சீட்டின் நகல் என்றைக்குக் கையில் வரும்?
- மழையாலோ கடல் கொந்தளிப்பாலோ பயணம் நின்றால் பணம் என்ன ஆகும்?

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முன்பணத்தை வாங்கிக்கொண்ட ஒரு முகவர், 'எல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்கிறது' என்று வாரக்கணக்கில் பதில் எழுதிக்கொண்டிருந்தார், அனுமதி மட்டும் வரவில்லை. ஊரிலேயே வசிக்கும் வழிகாட்டி ஒருவரை நேரடியாகத் தொடர்புகொண்ட பிறகுதான் காரியம் நடந்தது. அதனால் என் பரிந்துரை, தலைநகரத்து முகவரைவிட ஓசாவில் இருப்பவரைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஸ்பானியம் தெரியாவிட்டால் கைப்பேசியின் மொழிபெயர்ப்பு போதும்.

வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் நாளொன்றுக்கு 15 டாலர், அதன் மேல் வரி. இரவு தங்கினால் இரண்டு நாள் கட்டணம் என்பதை மறக்காதீர்கள். சிரேனாவில் படுக்கைக்குச் சுமார் 30 டாலர். காலை உணவுக்கு 20, மதியம், இரவு உணவுக்கு வேளைக்கு 25 என்ற அளவில் இருக்கும். நடுக்காட்டில் தட்டுச் சோறு இரண்டாயிரம் ரூபாயா என்று நமக்கு வயிறு எரியும். அரிசி மூட்டை படகில் வந்து கரையில் இறங்கி அங்கே சேர்கிறது என்பதை நினைத்து ஆற வேண்டியதுதான். வழிகாட்டியின் கூலியையும் சேர்த்தால் இரண்டு பகல், ஓர் இரவுக்கு ஆளுக்கு முந்நூறு டாலருக்கு மேல் தாராளமாக ஒதுக்குங்கள். இந்த விலைகள் ஏறக்கூடியவை, இறங்கியதாக வரலாறு இல்லை.

4. எந்த வழியாக உள்ளே போவது

இதை முடிவு செய்யும்போது முழங்காலின் பேச்சைக் கேளுங்கள்.

*கராத்தே – லா லியோனா வழி.* புவெர்த்தோ ஹிமேனெஸிலிருந்து கராத்தே சுமார் 40 கிலோமீட்டர். மண்சாலை, நடுவில் ஓடைகள். பின்பக்கம் பெஞ்சு போட்ட லாரி ஒன்று விடியற்காலையில் கிளம்புகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுக்கி எடுக்கும். கராத்தேயில் சாலை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கடற்கரை மணலில் சுமார் 3.5 கிலோமீட்டர் நடந்தால் லா லியோனா நிலையம். பகலில் போய்த் திரும்புகிறவர்களுக்கு இதுவே போதுமானது. குரங்குகளும் பஞ்சவர்ணக்கிளிகளும் இங்கேயே கிடைக்கும்.

லா லியோனாவிலிருந்து சிரேனாவுக்கு மேலும் சுமார் 16 கிலோமீட்டர், ஆறேழு மணி நேர நடை. பாதை கடலை ஒட்டிப் போகிறது, சில இடங்களில் மணலிலேயே இறங்குகிறது. எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும். பாறை முனைகளை ஓதம் (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) வடிந்திருக்கும்போதுதான் சுற்றிப் போக முடியும். ரியோ கிளாரோ ஆற்றைக் கடப்பதற்கும் அதுவே நேரம். பயணத் தேதி குறிக்கும்போதே ஓத அட்டவணையைப் பார்த்து, காலையில் கடல் வடியும் நாளாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மணலில் நடக்கும் பகுதிகளில் நிழலே கிடையாது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் குறையக்கூடாது.

*படகு வழி.* படகில் நேராக சிரேனாவுக்குப் போகலாம். புவெர்த்தோ ஹிமேனெஸிலிருந்து கிளம்பினால் மத்தபாலோ முனையைச் சுற்றித் திறந்த கடலில் போக வேண்டும், அலை கடுமை. தீபகற்பத்தின் வடக்கே உள்ள திரேக்கே வளைகுடாவிலிருந்து படகுகள் அதிகம். இரண்டிலும் இறங்குதுறை கிடையாது. படகோட்டி அலை பார்த்துக் கரையை நெருங்குவார், 'இறங்கு' என்றதும் தொடையளவு தண்ணீரில் குதிக்க வேண்டும். அரைக்கால் சட்டையும் வார்ச் செருப்பும் போட்டுக்கொண்டு, காலணியைப் பையில் வையுங்கள். வயதான பெற்றோரை அழைத்துப் போவதாக இருந்தால் இந்த ஒரு நிமிடத்தை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

*லோஸ் பாத்தோஸ் வழி.* லா பால்மா ஊர்ப் பக்கமிருந்து மழைக்காட்டின் நடுவே போகும் நீண்ட பாதை. முழு நாளும் நடை, ஏற்றம், சேறு, ஆற்றுக் கடவுகள். தொடர்ந்து மலையேற்றம் போகிறவர்களுக்கு மட்டும்.

பூங்காவின் இன்னொரு நிலையமான சான் பெத்ரில்லோவிலிருந்து சிரேனாவுக்கு நடந்ததாகப் பழைய குறிப்புகளில் படிப்பீர்கள். அந்தப் பாதை மூடப்பட்டுவிட்டது. ரியோ சிரேனா கழிமுகத்தில் முதலைகளும், ஓதம் ஏறும்போது சுறாக்களும் வருகின்றன. நடந்து களைத்த கால்களை நனைக்கலாம் என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

5. தலைநகர் சான் ஹோசேயிலிருந்து ஊருக்கு

விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பன்னிரண்டு பேர் போலக் கொள்ளும் சிறு விமானம். பெட்டியின் எடையில் கறார் காட்டுவார்கள். சர்வதேச விமானத்தில் அனுமதித்த 23 கிலோவை நம்பிப் போகாதீர்கள். பெரிய பெட்டியைச் சான் ஹோசே விடுதியிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

பஸ்ஸில் ஏறத்தாழ எட்டு மணி நேரம். மிக மலிவு. நேரடிப் பஸ் ஒரு நாளைக்கு இரண்டொன்றுதான், பண்டிகைக் காலத்தில் இடம் கிடைக்காது. அப்போது எதிர்க்கரையில் உள்ள கொல்ஃபித்தோவுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து இடையிலுள்ள கொல்ஃபோ துல்சே வளைகுடாவைப் படகில் கடக்கலாம். அரை மணி நேரப் பயணம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், தவறினால் அந்த இரவு கொல்ஃபித்தோவில்தான்.

காரில் போவதானால் கடற்கரைச் சாலை வழியாகப் பால்மார் நோர்தே, பிறகு சகாரித்தாவில் வலப்பக்கம் திரும்பிச் சுமார் 75 கிலோமீட்டர். ஊர் வரைக்கும் தார்ச்சாலை. இரவில் ஓட்டாதீர்கள், வளைவுகள் இருட்டு. வாடகைக் காரில் இரண்டு பொறிகள். முதலாவது, இணையத்தில் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து டாலர் என்று காட்டுவார்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம், கிரெடிட் கார்டு தரும் காப்பீடு அதற்கு ஈடாகாது. கவுன்டரில் தொகை இரண்டு மூன்று மடங்காகும். இரண்டாவது, ஓடையைக் கடக்கும்போது எஞ்சினில் தண்ணீர் புகுந்தால் பொதுவாகக் காப்பீடு தரமாட்டார்கள். கராத்தே சாலையில் ஓடைகள் பல. காரை ஊரில் நிறுத்திவிட்டு லாரியில் போவதே புத்திசாலித்தனம். அப்படியும் ஓட்டித்தான் போவேன் என்றால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி வேண்டும். பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு அப்பால் பங்க் கிடையாது.

6. பணம்

ஊர்ப் பணம் கொலோன். டாலரையும் வாங்குவார்கள், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை நீட்டினால் திருப்பித் தந்துவிடுவார்கள், நூறு டாலர் நோட்டுக்குச் சில்லறை இருக்காது. ஐந்து, பத்து, இருபதாக வைத்திருங்கள். ஏடிஎம் ஊரில் உண்டு. வார இறுதியில் காலியாகிவிட்டால் மாற்று வழி இல்லை என்பதால் சான் ஹோசேயிலேயே கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். கராத்தேயில் ஏடிஎம் கிடையாது.

7. ஊரில் இரண்டு நாள், தங்கத்துக்கு ஒரு நாள்

பெரும்பாலானவர்கள் இரவு வந்து படுத்துவிட்டு விடியற்காலையில் காட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு அது வீண் என்று படுகிறது. ஊர்க் கடற்கரையோரம் நம் ஊரில் வாதாங்கொட்டை என்று கல்லால் தட்டித் தின்போமே, அதே மரங்கள். அந்தக் கொட்டைக்காகப் பஞ்சவர்ணக்கிளிகள் சோடிசோடியாக வருகின்றன. கிளி ஒற்றைக் காலில் காயைப் பிடித்துக்கொண்டு, அலகால் திருப்பித் திருப்பிப் பிளந்து, பருப்பை நாக்கால் நெம்பி எடுத்துவிட்டுக் கோதைக் கீழே போடும். மரத்தடியில் கோது விழுகிற சத்தம் கேட்டால் அண்ணாந்து பாருங்கள். இதற்குக் கட்டணமும் இல்லை, அனுமதியும் இல்லை.

தங்கம் பார்க்க தோஸ் பிராசோஸ் தே ரியோ திக்ரே என்ற சிற்றூருக்குப் போங்கள். புவெர்த்தோ ஹிமேனெஸிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர், டாக்சி கிடைக்கும். தங்கம் அரித்தவர்களை 1986இல் பூங்காவிலிருந்து அரசு வெளியேற்றியது. பூங்காவுக்குள் அரிப்பது இன்றும் குற்றம். ஊர்க்காரர்களே நடத்தும் சுற்றில், பூங்காவுக்கு வெளியே ஆற்றில் செய்து காட்டுகிறார்கள். அகன்ற தட்டில் ஆற்று மணலை அள்ளி, தண்ணீரில் அமிழ்த்தி, அரிசி களைவதுபோலச் சுழற்றிச் சுழற்றி மேல்மண்ணைத் தள்ளுகிறார்கள். கடைசியில் ஒரு விரலளவு கருமணல் மிஞ்சும். தட்டைச் சாய்த்து ஒரு கை நீரை மெல்ல ஓடவிட்டால் கருமணல் விலகி, ஓரத்தில் மஞ்சளாகப் பொட்டளவு தெரியும். குண்டூசித் தலை அளவுகூட இராது. முதுகு வலிக்கிற வேலை.

முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். சொல்லாமல் போனால் ஆள் கிடைக்கமாட்டார். குப்பியில் தங்கத்தூள் விற்க யாராவது வந்தால் வாங்காதீர்கள். எங்கே எடுத்தது என்பதற்குச் சீட்டு இருக்காது, விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இதே ஊரிலிருந்து பூங்காவின் எல் திக்ரே பகுதிக்கும் ஒரு பாதை போகிறது. அதற்கும் வழிகாட்டியும் அனுமதியும் தேவை.

சாப்பாடு: சிறு உணவகங்களைச் 'சோதா' என்கிறார்கள். சோறு, கருப்பு பீன்ஸ், காய்கறி, பொரித்த வாழைப்பழம் எல்லாம் ஒரே தட்டில் வரும். சைவர்களுக்குக் கஷ்டமில்லை. ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வந்து நிற்கும். கோழி, மீன், பன்றி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். சிரேனாவில் சாப்பிடுவதானால் முன்பதிவின்போதே வழிகாட்டியிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஊறுகாய்ப் புட்டி ஒன்று பெட்டியில் இருந்தால் ஊரில் தங்கும் நாட்களுக்கு உதவும்.

8. காட்டில் ஓர் இரவு

சிரேனாவில் சொந்தக் கூடாரம், அடுப்பு, சமையல் எதற்கும் அனுமதியில்லை. கூரையிட்ட திறந்த மேடையில் அடுக்குக் கட்டில்கள்; படுக்கை விரிப்பும் கொசுவலையும் அங்கேயே தருவார்கள். மேடையில் ஏறும் முன் காலணியைக் கழற்றிவிட வேண்டும், நமக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. இரவு எட்டு மணி வாக்கில் விளக்கணைத்துவிடுவார்கள். தூங்கிவிடுங்கள், ஏனென்றால் விடியும் முன்பே வழிகாட்டி எழுப்புவார். தபீர் (பன்றி போன்ற உடலும் குட்டித் துதிக்கையும் உள்ள விலங்கு) பார்க்க அதுவே நல்ல நேரம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை உள்ளே கொண்டுபோகக் கூடாது. பையைத் திறந்து பார்ப்பார்கள். பையில் இருக்க வேண்டியவை சில: சீக்கிரம் உலரும் முழுக்கைச் சட்டை, இரண்டு சோடி காலுறை, நெற்றி விளக்கு, மழையுறை, கொசுவிரட்டி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். சேற்றுக் காலத்தில் ரப்பர் பூட்ஸ் நல்லது. நம் ஊர்ப் பருத்தி ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் ஊர் திரும்பும்வரை உலராது. மின்சாரம் 120 வோல்ட், தட்டை முள் செருகி. மாற்றுச் செருகி எடுத்துப்போங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது அவசரகால வெளியேற்றம் அடங்குகிறதா என்று பாருங்கள். புவெர்த்தோ ஹிமேனெஸில் மருத்துவ நிலையம் உண்டு; மருத்துவமனை என்றால் வளைகுடாவுக்கு அக்கரையில் கொல்ஃபித்தோவில். அவசர எண் 911.

9. திரும்பும் நாள்

காட்டிலிருந்து வெளியே வரும் நாளிலேயே சான் ஹோசேக்கு டிக்கெட் போடாதீர்கள். ஓதம், லாரி, மழை மூன்றும் ஒத்துழைத்தால்தான் மாலைக்குள் ஊருக்கு வந்து சேர முடியும். அதேபோல, சிறு விமானம் மேகத்தால் ரத்தாவது சகஜம், மழைக்காலத்தில் மண்சரிந்து சாலை அடைபடுவதும் உண்டு. சர்வதேச விமானத்துக்கு முந்தைய இரவை அலஹுவெலாவில் கழியுங்கள். சர்வதேச விமான நிலையம் தலைநகருக்குள் இல்லை, அந்த ஊரின் பக்கத்தில்தான் இருக்கிறது. சான் ஹோசே பஸ் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். டிக்கெட்டை முதல் நாள் மாலையே எடுத்துவிடுங்கள், காலையில் கவுன்டர் திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.